விசைப்பலகையில் தமிழ் ஏறிய வரலாறு

ஒரு மொழியின் வரலாற்றை எழுதுவோர் அதன் புலவர்களைப் பற்றி எழுதுவர். புரவலர்களைப் பற்றி எழுதுவர். பதிப்பித்தவர்களைப் பற்றியும் ஓரளவு எழுதுவர். அம்மொழியை எழுத உதவிய கருவிகளைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. கருவி கைக்குள் அடங்கியிருக்கும்வரை அதனை எவரும் நினைப்பதில்லை. அது கைக்கு அடங்காமல் திமிறும்போதுதான் அதன் வரலாறு தேவைப்படுகிறது. தமிழெழுத்தைப் பொறுத்தவரை அத்தேவை இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. இன்றும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

கணினியும் கைப்பேசியும் கடைச்சரக்காகிவிட்ட காலம் இது. கவிதை எழுதுவோரும் அக்கடைக்குத்தான் செல்ல வேண்டியிருக்கிறது. எனவே, வாங்கிய பொருளுக்குள் தமிழ் எப்படி வந்து சேர்ந்தது, யாரால் வந்து சேர்ந்தது, வரும் வழியில் எதை இழந்தது என்பன கவிஞர்க்குப் புறம்பான செய்திகள் அல்ல.

ஓலையும் அச்சும்

கருவிக்கு ஏற்ப எழுத்து வளைவது புதிய செய்தியன்று. பனையோலையில் எழுத்தாணியால் கீறியவர்கள் ஓலை கிழியாதிருக்க வேண்டிப் புள்ளியை விட்டுவிட்டு எழுதினர். அதனால் மெய்யும் உயிர்மெய்யும் மயங்கின. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடின்றி நின்றன. படிப்பவரின் மொழியறிவே அக்குறையை நிரப்பிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறு வேறு வடிவம் வகுத்த பின்னரே அம்மயக்கம் தீரத் தொடங்கியது.

அச்சு, ஓலையைவிடத் தாராள மனம் உடையது. 1578இல் கொல்லத்தில் அண்ட்ரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கங்களில் அச்சேறியபோதும், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் நடத்தியபோதும், அச்சுக்கோப்பவருக்கு வேண்டிய அளவு எழுத்துகளை வார்த்துக்கொள்ள முடிந்தது. எழுத்து மிகுந்தால் அச்சுப்பெட்டியில் அறைகள் மிகும். கோப்பவரின் கை சற்றுத் தொலைவு செல்லும். அதற்கு மேல் இடர் இல்லை. தமிழின் 247 எழுத்துகளும் அவற்றின் வளைவும் சுழியும் குறையாமல் ஈயத்தில் வாழ்ந்தன.

முத்தையாவின் விசைகள்

இடர் தொடங்கியது தட்டச்சுப் பொறியோடு. 1874இல் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பொறி இருபத்தாறு எழுத்துடைய மொழிக்கென அமைந்தது. பின்னர் நிலைபெற்ற பொறிகளில் ஏறத்தாழ நாற்பத்தைந்து விசைகள் இருந்தன. விசைக்கு இரண்டு வடிவம் என்று கொண்டாலும் தொண்ணூறு இடங்களே கிடைக்கும். அத்தொண்ணூற்றுக்குள் எண்ணையும் நிறுத்தக்குறியையும் வைத்த பின்பு எஞ்சியதில் தமிழ் அடங்க வேண்டும். பொறியைச் செய்தவர் தமிழை எண்ணிச் செய்யவில்லை. அதில் தமிழை ஏற்றும் பொறுப்பு தமிழருடையதாயிற்று.

அப்பொறுப்பை ஏற்றவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பணியாற்றிய ஆர். முத்தையா. எந்தெந்த எழுத்து மிகுதியாக வருகிறது, எந்த விரலுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பவற்றை ஆராய்ந்து அவர் விசைகளை அடுக்கினார். செருமானிய நிறுவனமான சைடல் அண்ட் நௌமான் ‘பிஜூ’ என்னும் தன் பொறியில் அவ்வமைப்பை ஏற்றியது. அவர் கையாண்ட உத்திகளுள் ஒன்று நகராவிசை. புள்ளியையோ இகரக் கொம்பையோ அடித்தால் தாள் நகராது; அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். தொண்ணூறு இடங்களுக்குள் 247 எழுத்துகள் இறங்கியது இத்தகைய உத்திகளால்தான்.

1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்ட பின்னர் அலுவலகங்களுக்குத் தமிழ்ப் பொறிகள் தேவைப்பட்டன. ஊருக்கு ஊர் தட்டச்சுப் பயிலகங்கள் தோன்றின. இடக்கையில் ‘ய, ள, ன, க’ என்று விரல் பழகிய இளைஞர்களும் இளம்பெண்களும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகள் எழுதி வேலைக்குச் சென்றனர். தமிழால் பிழைப்பு நடத்தலாம் என்பதைப் பல குடும்பங்களுக்குக் காட்டியது இலக்கியம் அன்று. அந்த இரும்புப் பொறிதான். இதனைச் சொல்வதில் இலக்கியத்துக்குத் தாழ்வில்லை.

எனினும் ஒரு விலை கொடுக்கப்பட்டது. நான்கு நூற்றாண்டுகளாக அச்சில் தனித்தனி முகத்தோடு வாழ்ந்த எழுத்துகள் பொறியில் துண்டு துண்டாக ஒட்டப்பட்டன. உகர ஊகார உயிர்மெய்கள் சில அழகிழந்து நின்றன. இதைக் கண்டு முகஞ்சுளித்தோர் உண்டு. முகஞ்சுளித்தோர் எவரும் வேறு பொறி செய்து தரவில்லை என்பதும் வரலாறு.

எழுத்துச் சீர்திருத்தம்

1935இல் பெரியார் ‘குடிஅரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். ணா, றா, னா முதலிய எழுத்துகளும் ணை, லை, ளை, னை ஆகியனவும் தனிவடிவம் பெற்றிருப்பது கற்பார்க்கும் அச்சிடுவோர்க்கும் வீண்சுமை என்பது அவருடைய வாதம். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1978 அக்டோபரில், எம்.ஜி.ஆர். அரசு அச்சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை ஏற்று ஆணையிட்டது. பதின்மூன்று எழுத்துகள் வடிவம் மாறின. ஐ, ஔ ஆகியவற்றை நீக்கும் கருத்து மட்டும் ஏற்கப்படவில்லை.

இம்மாற்றத்தைக் கருவியின் வெற்றி என்று மட்டும் கொள்வது பிழை. கல்வியைப் பரவலாக்கும் நோக்கமே அதில் முன்னின்றது. ஆயினும் சில ஆண்டுகளில் கணிப்பொறி தமிழகத்துக்குள் நுழைந்தபோது, இச்சீர்மை பெரிதும் கைகொடுத்தது. எழுத்து வடிவம் பற்றிய முடிவைக் கருவி வந்து வற்புறுத்துவதற்கு முன்பே சமுதாயம் தானாக விவாதித்து எடுத்த அரிய நேரம் அது. பின்னர் நிகழ்ந்தவற்றில் அந்த வரிசை தலைகீழாயிற்று.

ஆளுக்கோர் எழுத்துரு

1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் வீட்டுக் கணிப்பொறி விலை குறைந்து புழக்கத்துக்கு வந்தது. அதில் தமிழை ஏற்ற எந்தப் பெருநிறுவனமும் முன்வரவில்லை. ஏற்றியவர்கள் வேறு தொழில் செய்தவர்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை உருவாக்கி விலையின்றி வழங்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை வளர்த்தார். சிங்கப்பூரில் ஆசிரியரும் சிறுகதையாசிரியருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ அமைப்பை உருவாக்கினார். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் ‘பாமினி’ எழுத்துருவால் இதழ்களும் மலர்களும் மணவிழா அழைப்பிதழ்களும் அச்சிட்டனர்.

1995இல் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிக் கவிதைகளையும் தாங்கிய இணையப்பக்கம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதன் தமிழ்ப்பகுதிக்குப் பின்னால் இருந்தவர் கோவிந்தசாமி. இணையத்தில் தமிழ் எழுத்து தோன்றிய தொடக்க நிகழ்வுகளுள் ஒன்று விளம்பரமாகவோ விலைப்பட்டியலாகவோ அமையாமல் கவிதையாக அமைந்தது என்பதைக் கவிஞர்கள் நினைவில் வைத்துக்கொள்வது தகும்.

ஆனால் இந்த ஆர்வத்துக்குள் ஒரு விதைக்குறை இருந்தது. கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி வகுத்துக்கொண்டனர். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல், உண்மையில் ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். அவ்வெழுத்துரு உள்ள கணிப்பொறியில் அது தமிழாகத் தோன்றும். இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற ஆங்கிலக் குப்பையாகத் தோன்றும். தமிழ் வேடம் புனைந்த ஆங்கிலம் அது. வேடம் கலைந்தால் தமிழும் இல்லை.

அச்சிடும் அளவில் இக்குறை புலப்படவில்லை. தாளில் ஏறிய பின் உள்ளே எந்த எண் இருந்தது என்று எவரும் கேட்பதில்லை. மடலாகவும் இதழாகவும் ஊர்விட்டு ஊர் செல்லத் தொடங்கிய பிறகே இடர் வெளிப்பட்டது. சென்னையில் எழுதியது டொராண்டோவில் படிக்க முடியாததாயிற்று. இணையத்தில் இடம்பெற்ற இதழ்கள் ஒவ்வொன்றும் தன் எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ளுமாறு படிப்பவரைக் கேட்டன. வீட்டுக்கு வந்த விருந்தினரை வாசலில் நிறுத்தி, இந்த வீட்டுக் கண்ணாடியை அணிந்தால்தான் உள்ளே விடுவோம் என்பதை ஒத்தது அது. தன் படைப்பின்மேல் ஒவ்வொருவரும் கொண்ட பற்று இயல்பானதே. ஆனால் பொதுவழிக்குத் தன் வீட்டுப் பெயரையே இட வேண்டும் என்னும் பிடிவாதம் தமிழுக்குப் பத்தாண்டு இழப்பைத் தந்தது.

பொதுத்தரம் தேடிய ஆண்டுகள்

1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் கோவிந்தசாமியின் முயற்சியால் கூடிய கருத்தரங்கு இப்பிடிவாதத்தைப் பேசித் தீர்க்க முனைந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு அதனைத் தொடர்ந்தது. அதன் விளைவாக அவ்வாண்டு சூன் திங்களில் தமிழக அரசு ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியேற்றங்களையும் தரமாக அறிவித்தது. இணையத்தமிழர் கூடி வகுத்த ‘திஸ்கி’ குறியேற்றமும் அதே காலத்தில் புழங்கியது. தொடங்கிவைத்த கோவிந்தசாமி, அவ்வாணை வருவதற்குச் சில நாள்களுக்கு முன் மே மாதத்தில் மறைந்தார். 2000இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான ‘உத்தமம்’ பிறந்தது.

தமிழ் 99 விசைப்பலகை இவ்வரலாற்றின் அழகிய பகுதி. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய் பிறக்கிறது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே ஏறிக்கொள்கிறது. மெல்லினத்தை அடுத்து அதன் இனவல்லினம் வந்தாலும் அவ்வாறே. தொல்காப்பியம் சொன்ன புணர்ப்பு விரல்நுனியில் நிகழ்கிறது. இவ்வளவு சிறந்த அமைப்பைப் பெற்றும், ஆங்கில ஒலிப்புமுறையில் ‘அம்மா’ என்று அடிப்பதையே பெரும்பாலோர் எளிதெனக் கொண்டனர். தமிழ்ச் சொல்லை எண்ணி, அதனை மனத்துள் ஆங்கில எழுத்தாக்கி, மீண்டும் தமிழாகக் காண்பது எளிமையன்று, பழக்கம். அயல்நாட்டில் வளரும் குழந்தைக்கு அது தேவையாகலாம். தமிழில் கவிதை எழுதுவோர்க்கு அது தேவையில்லை.

மாநாடுகள் விவாதித்துக்கொண்டிருந்தபோதே வேறோரிடத்தில் முடிவு எடுக்கப்பட்டிருந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண்ணடைவு வகுக்கும் யூனிகோடு, அதாவது ஒருங்குறி, 1991இல் வெளியான தன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக இந்திய அரசு 1988இல் வகுத்திருந்த அடைவே அதற்கு அடிப்படை. தேவநாகரியின் அச்சில் தமிழும் வார்க்கப்பட்டது. அதனால் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும் வந்து நின்றன. தமிழ் நெடுங்கணக்கைத் திண்ணைப்பள்ளியில் கற்ற எவரும் அவ்வரிசையை ஏற்கமாட்டார். அகரவரிசைப்படுத்தத் தனிவிதி எழுத வேண்டியதாயிற்று.

இதனினும் ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. தமிழிலக்கணம் மெய்யை உடலென்றும் உயிர் ஏறியது உயிர்மெய்யென்றும் கொள்கிறது. ஒருங்குறியில் அகரமேறிய ககரமே அடிப்படை. அதன்மேல் புள்ளியைச் சேர்த்தால் மெய். எனவே ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்குக் கணிப்பொறியில் ஐந்து குறியெண்கள். இணையத்தில் பெரிதும் வழங்கும் முறையில் அவ்வைந்தும் பதினைந்து பைட்டுகளாக விரியும். அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்தே பைட்டுகள். இக்குறைகளைச் சுட்டி, எழுத்துக்கு ஓர் எண் என்னும் ‘டேஸ் 16’ முறையைத் தமிழறிஞர் பலர் வற்புறுத்தினர். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஒருங்குறியையும் அதனோடு டேஸ் 16 முறையையும் தரமாக ஏற்று ஆணையிட்டது.

குறைகூறியோரின் வாதம் இலக்கண நெறியில் சரியானது. ஆயினும் வென்றது ஒருங்குறி; வென்றதில் நன்மையும் மிகுதி. 2000இல் மைக்ரோசாப்டின் விண்டோஸ் அதனை ஏற்றபின், எழுத்துருவைத் தேடாமலே தமிழ் திரையில் தோன்றும் நிலை மெல்ல உருவாயிற்று. நிறைவான தரம் ஒருவர்க்கு மட்டும் உதவுவதைக் காட்டிலும், குறையுள்ள தரம் அனைவர்க்கும் உதவுவது மேல். கற்க வேண்டிய பாடம் வேறு. முடிவெடுக்கும் அவையில் தமிழர் அமர்வதற்கு முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்பதே அது.

எழுபது எழுத்துக் கடிதம்

கைப்பேசி வந்தபோது இதே கதை சிறுவடிவில் மீண்டும் நிகழ்ந்தது. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்துகள் இடம் உண்டு. ஒருங்குறியில் அனுப்பினால் எழுபது குறிகளே. புள்ளியும் கொம்பும் காலும் அவ்வெழுபதில் தனித்தனியே கணக்காகும். திருக்குறளின் முதற்குறளை அனுப்பினால் அடங்கும். ஒரு நேரிசை வெண்பாவை அனுப்பினால் பெரும்பாலும் அடங்காது. இரண்டு செய்திக்கான கட்டணம் ஆகும். 2005இல் முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ சிங்கப்பூரில் அறிமுகமாகும்வரை பலர்க்குக் கைப்பேசித் தமிழ் என்பது ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாகவே இருந்தது. அதற்குள் ஒரு தலைமுறையின் விரல்கள் அதிலேயே பழகிவிட்டன. வசதி வந்த பின்னும் அவ்வழக்கம் போகவில்லை. கருவியின் குறை நீங்கிய பின்பும் அக்குறை வளர்த்த பழக்கம் நிலைத்து நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இன்றைய கைப்பேசி வேறொரு வகையில் கையை நீட்டுகிறது. இரண்டெழுத்து அடித்ததும் அடுத்த சொல்லை அதுவே முன்வைக்கிறது. அது முன்வைப்பது பலரும் பலமுறை எழுதிய சொல். அலுவலகக் கடிதத்துக்கு அது உதவி. கவிஞனுக்கோ அது தேய்ந்த காசு. ஒருவரும் எழுதாத சேர்க்கையைத் தேடி அலைவது கவிதைத் தொழில். எல்லோரும் எழுதிய சேர்க்கையைக் கையில் திணிப்பது கருவியின் தொழில். முத்தையாவின் பொறி எழுத்தின் முகத்தை மட்டுமே மாற்றியது. சொல்லைத் தேர்ந்து தரவில்லை.

மறைந்தவையும் காக்க வேண்டியவையும்

எழுத்துருக் குழப்பத்தின் உண்மையான இழப்பு இன்னும் கணக்கிடப்படவில்லை. 1990களிலும் 2000த்தின் தொடக்கத்திலும் உலகெங்கும் சிதறிய தமிழர் எழுதிய கவிதைகளும் நினைவுக்குறிப்புகளும் பலவகைத் தனிக்குறியேற்றங்களில் கிடந்தன. தமிழர் பலர் இலவசமாகப் பக்கம் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. எஞ்சிய கோப்புகளிலும் பல, எழுத்துரு கிடைக்காமல் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கின்றன. ஓலைச்சுவடியைக் கரையான் அரிக்க நூறாண்டு வேண்டியிருந்தது. இங்கு இருபது ஆண்டுகளே போதுமாயின.

ஓலையிலிருந்து மீட்டெடுக்கச் சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் இருந்தனர். 1887இல் ‘சீவக சிந்தாமணி’ அச்சில் வந்ததற்குப் பின்னால் ஊர் ஊராக அலைந்த கால்கள் இருந்தன. இக்காலத்திலும் அத்தகையோர் இல்லாமல் இல்லை. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில் 1998 பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’, தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்து பிழைதிருத்திய நூல்களை விலையின்றி வழங்குகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த துயரத்தை மறவாத மண்ணிலிருந்து, 2005இல் ‘நூலகம்’ திட்டம் எழுந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் திரட்டிவருகிறது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994 முதல் அரிய அச்சுகளைக் காத்துவருகிறது. இவற்றுள் எதுவும் கருவி விற்றவர் அளித்த கொடையன்று.

வரலாறு காட்டுவது இதுவே. கருவி செய்பவர் எந்நாளும் தமிழை எண்ணித் தொடங்கவில்லை. வாங்குவோர் பெருகிய பின்னரே எண்ணினர். இடைப்பட்ட காலத்தைக் கடத்தித் தந்தவர்கள் ஓர் அலுவலர், ஓர் ஆசிரியர், ஒரு வேதியியலார். அவர்கள் கூடியபோது தமிழ் முன்னேறியது. தனித்தனியே நின்றபோது சிதறியது.

பத்தாண்டு காணும் இலக்கிய வட்டங்கள் இதனைத் தம் அளவில் எண்ணிப் பார்க்கலாம். இன்று பல வட்டங்களில் கவிதைகள் முதலில் வாசிக்கப்படுவது கைப்பேசிக் குழுக்களில். பாராட்டும் அங்கேயே, மறதியும் அங்கேயே. கைப்பேசி மாறினால் கவிதையும் போயிற்று. முன்னோர் கையெழுத்து இதழ் நடத்தினர், உருளச்சில் படியெடுத்தனர், சி. சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கியபோது அச்சுத்தாளில் நம்பிக்கை வைத்தார். அத்தாள்கள் இன்றும் கையில் கிடைக்கின்றன. வட்டத்தின் கவிதைகள் ஒருங்குறியில் ஒரு கோப்பாகவும், தாளில் ஒரு படியாகவும், பொது நூலகம் ஒன்றில் இன்னொரு படியாகவும் இருக்குமானால், அடுத்து வரும் கருவி எதுவாயினும் அஞ்ச வேண்டுவதில்லை. மலர் வெளியிடுவதன் பொருளும் அதுவே. திரை அணைந்த பின்னும் எழுத்து இருக்க வேண்டும்.